தெர்மாமீட்டருக்குத் தெரியாத சூடு

நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் எந்தப் பண்டத்தைக் கையில் எடுத்தாலும் பக்கத்தில் நிற்கும் ஒருவர் அதற்கு ஒரு குணம் சொல்லிவிடுவார். மாம்பழம் சூடு. பப்பாளி சூடு. கோழிக்கறி சூடு. மோர் குளிர்ச்சி, நுங்கு குளிர்ச்சி, அக்கானி என்னும் பதநீர் குளிர்ச்சி. உச்சி வெயிலில் கிடந்து கொதித்த கருக்கும், அதாவது இளநீரும், குளிர்ச்சிதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாம்பழமும் சூடுதான். தெர்மாமீட்டரோடு இதைச் சோதிக்கப் போகிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். பேச்சு வெப்பநிலையைப் பற்றியதல்ல என்பது சொல்கிறவர்களுக்கே தெரியும். தின்றபின் உடம்பு என்ன செய்கிறது என்பதே அவர்கள் கணக்கு. வாய் புண்ணாகிறதா, கண் எரிகிறதா, நீர் கடுத்துப் போகிறதா, நாக்கு வறள்கிறதா, தூக்கம் போகிறதா?

இந்தப் பட்டியலில் மாம்பழத்துக்கும் கோழிக்கும் பக்கத்தில் இப்போது ஒரு புதுச் சாமான் வந்து உட்கார்ந்திருக்கிறது. வேப் என்று பையன்கள் சொல்லும் மின்சிகரெட். இந்தியாவில் விற்கக்கூடாது, இறக்குமதி செய்யக்கூடாது. ஆனாலும் லீவுக்கு வருகிறவர்களின் பெட்டியிலும் கல்லூரிப் பையன்களின் சட்டைப் பையிலும் எப்படியோ இருக்கிறது. தொண்டை காய்ந்து வாய் வெந்துபோய் வைத்தியரிடம் போய் நிற்கும்போதுதான் சங்கதி வெளியே வரும். தக்கலை, முஞ்சிறைப் பக்கத்து வைத்தியசாலைத் திண்ணைகளில் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

“ஆசானே, இது பொகை இல்ல. வெறும் ஆவியாக்கும்.”

“ஆவின்னா? வேது பிடிக்கியா? நொச்சியெலை போட்டியா?”

“அதில்ல ஆசானே, ஃபிளேவரு...”

“நாக்கை நீட்டு மக்களே. வறண்டுல்லா கெடக்கு. சூடு நல்லாக் கேறியாச்சு. இனி அதைத் தொடப்பிடாது, கேட்டியா?”

ஆசான் சொன்ன தீர்ப்பை ஒரு இயற்பியல் மாணவன் கேட்டால் மறுப்பான். அவன் மறுப்பிலும் நியாயம் உண்டு. முதலில் அவன் பக்கத்தைக் கேட்போம்.

மின்சிகரெட்டின் உள்ளே ஒரு பேட்டரி, ஒரு சிறிய கம்பிச்சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சில் ஊறும் திரவம். இழுக்கும்போது சுருள் சூடாகித் திரவத்தை ஆவியாக்குகிறது. சுருளின் வெப்பம் பெரும்பாலும் 150 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை போகும். எரியும் சிகரெட்டின் நுனி, இழுக்கும் நேரத்தில் 900 டிகிரியைத் தொடும். 300 டிகிரியும் பயங்கரமாகத்தான் கேட்கிறது. ஆனால் வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு. சிறிய கருவி ஒன்றின் திறன் 10 வாட் என்றும், ஒரு இழுப்பு 3 வினாடி என்றும் வைத்துக்கொண்டால் செலவாகும் ஆற்றல் 30 ஜூல். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பே ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 80 ஜூல் வெப்பத்தை உண்டாக்கி வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. ஆக, ஒரு இழுப்பு கொண்டுவரும் வெப்பம் உடம்பு அரை வினாடியில் தானே உண்டாக்குவதைவிடக் குறைவு. 60 டிகிரியில் ஒரு டம்ளர் கடுங்காப்பி குடித்தால், அதில் இறங்கும் வெப்பத்துக்கு ஈடாக ஏறக்குறைய 500 இழுப்பு இழுக்க வேண்டியிருக்கும். வாயும் தொண்டையும் உள்ளே போகும் காற்றை நுரையீரலுக்கு எட்டுமுன் உடம்பின் சூட்டுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. எனவே கம்பிச்சுருளின் அனல் உள்ளே போய் உடம்பைக் காய்ச்சுகிறது என்பது நடக்காத காரியம்.

ஆனால் ஆசான் பார்த்தது கம்பிச்சுருளை அல்ல, நாக்கை.

அந்தத் திரவத்தின் பெரும்பகுதி இரண்டு பொருட்கள்: புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின். இரண்டும் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும் குணம் உள்ளவை. குளச்சல் கடற்கரையில் உப்புத் தடவிய மீன் தன் நீரையெல்லாம் உப்புக்குக் கொடுத்துக் கருவாடாவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். வாய், மூக்கு, தொண்டையின் ஈரப்படலத்தின்மேல் இந்தத் துளிகள் படியும்போது அந்த வேலை கொஞ்சமாக நடக்கிறது. ஸ்வீடனில் ஒரு சோதனை நடந்தது, முடிவு 2001-இல் வெளியானது. விமானப் பயிற்சிக்கூடங்களில் செயற்கைப் புகை உண்டாக்க இதே புரோப்பிலீன் கிளைக்காலைத்தான் பயன்படுத்துவார்கள். ஆஸ்துமா இல்லாத 27 பேரை அந்தப் பனிமூட்டத்தில் ஒரே ஒரு நிமிடம் நிறுத்தினார்கள். கண்ணும் தொண்டையும் உறுத்தின. கண்ணீர்ப் படலம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் உடைந்தது. நிகோட்டின் கிடையாது, ஃபிளேவர் கிடையாது, வெறும் கிளைக்கால் மட்டும். கண் எரிச்சல், தொண்டை வறட்சி: வடசேரிச் சந்தையின் பட்டியலில் இரண்டு அங்கேயே வந்துவிட்டன.

வேது பிடிப்பதோடு இதை ஒப்பிடும் பையனுக்கு இங்கேதான் பதில். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் வேதுவும் உண்டு, புகையும் உண்டு. இரண்டும் தனித்தனி முறைகள். வேது தண்ணீர் ஆவி. அது ஈரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும். வேப் ஈரத்தை எடுத்துக்கொள்ளும். கண்ணுக்கு இரண்டும் வெள்ளையாகத்தான் தெரியும்.

சுருள் அளவுக்கு மீறிச் சூடாகும்போதும் பஞ்சில் திரவம் வற்றும்போதும் வேறொரு காரியமும் நடக்கிறது. கிளிசரின் சிதைந்து அக்ரோலீன் என்ற வாயு உண்டாகிறது. இதைத் தெரியாதவர் இந்த மாவட்டத்தில் யாரும் இல்லை; பெயர்தான் தெரியாது. ஏத்தங்காய் சிப்ஸ் போடும் கடையில் தேங்காயெண்ணெய் காய்ச்சல் மிஞ்சிப் புகையத் தொடங்கியதும் மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்குமே ஒரு வாடை, அதில் அக்ரோலீன் இருக்கிறது. எண்ணெயில் கொழுப்பமிலங்களோடு பிணைந்திருக்கும் கிளிசரின் பிரிந்து சிதைவதால் வருவது அது. சமையல்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். வேப் இழுக்கிறவர் அதை வாயிலேயே வைத்திருக்கிறார். ஃபார்மால்டிஹைடும் அசெட்டால்டிஹைடும் இதேபோல் உண்டாகின்றன. சிகரெட் புகையில் உள்ளதைவிட இவை பொதுவாகக் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடிப்பவர் அதை முழுக்க விட்டுவிட்டு இதற்கு மாறினால் அவர் நுரையீரலுக்குப் போகும் நஞ்சு குறையும். பிரிட்டனில் சிகரெட்டை விட வைப்பதற்கு இதை ஒரு வழியாகவே சொல்கிறார்கள். எதையும் இழுக்காத இருபது வயதுப் பையனுக்கு அந்த வாதத்தால் பயன் ஒன்றுமில்லை.

அடுத்தது நிகோட்டின். உண்மையான சூட்டுக் கணக்கு ஒன்று உண்டென்றால் அது இங்கேதான். நிகோட்டின் அட்ரினலினைக் கிளப்பி இதயத்தை வேகமாக ஓட்டுகிறது, ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 1986-இல் புகைப்பவர்களை ஒரு நாள் முழுக்க அளவீட்டு அறைக்குள் வைத்துப் பார்த்தார்கள். புகைக்காத நாளைவிடப் புகைத்த நாளில் உடம்பு செலவழித்த ஆற்றல் ஏறக்குறைய 10 சதவீதம் கூடியிருந்தது. உடம்பின் அடுப்பு கொஞ்சம் கூடுதலாகவே எரிகிறது. ஆனால் அதே நேரத்தில் நிகோட்டின் தோலின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் விரல்நுனியின் வெப்பம் குறைகிறது. இழுத்து முடித்தவன் கையைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்றிருக்கும். வாய் வறண்டு, நெஞ்சு படபடத்து, ராத்தூக்கம் போய், கை மட்டும் குளிர்ந்திருப்பவனைப் பார்த்து “சூடு” என்று சொல்ல நாக்கையும் நாடியையும் தெரிந்த ஒருவரால்தான் முடியும்.

நிகோட்டினின் வேதியியலில் நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குச் சொந்தமான ஒரு பாடம் இருக்கிறது. இங்கே புகையிலை வாயில் அடக்கும் சரக்காகத்தான் நெடுங்காலம் அதிகம் புழங்கியது. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெரிய சந்தை. முறுக்கானுக்கு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு புகையிலை. இதில் சுண்ணாம்பின் வேலை வாயைச் சிவக்க வைப்பதோடு முடிவதில்லை. நிகோட்டின் ஒரு காரப்பொருள். சுற்றிலும் காரத்தன்மை கூடும்போது அதன் மூலக்கூறு மின்னேற்றத்தை இழந்து கன்னத்தின் சவ்வைத் தாண்டிச் சட்டென்று ரத்தத்துக்குப் போய்விடும். சுண்ணாம்பு இல்லாமல் புகையிலை “ஏறாது” என்று பாட்டிமார் சொல்வது இந்தக் கணக்குத்தான்.

வேப் தயாரித்தவர்களுக்கு நேர் எதிரான சிக்கல். காரமாக உள்ள நிகோட்டின் தொண்டையைக் கடுமையாக அறுக்கும். புதிதாக இழுக்கிறவன் இருமியே விட்டுவிடுவான். எனவே பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து நிகோட்டினை உப்பாக மாற்றினார்கள். 2015-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஜூல் (JUUL) என்ற வேப் கருவி இந்த முறையால்தான் பள்ளிப் பிள்ளைகள் வரை போனது. அதன் ஒரு குப்பியில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமமான நிகோட்டின் என்று அந்த நிறுவனமே சொன்னது. காட்டமில்லை, இருமலில்லை, வாடையுமில்லை. சூட்டுக்கு முதல் சாட்சி தொண்டைதான். அந்தச் சாட்சியின் வாயை அமிலம் அடைத்துவிட்டது.

இரண்டாவது சாட்சி சூடு, குளிர் சொல்லும் நரம்பு. அதைக் கலைத்தது புதினா. வேப் திரவங்களில் பலவற்றுக்குப் பெயரிலேயே “ஐஸ்” இருக்கும்; தர்பூசணி ஐஸ், மாம்பழ ஐஸ் என்று. மாம்பழத்தையே குளிர்ச்சியாக்கிவிட்டார்கள்! புதினாவில் உள்ள மென்தால் எதையும் குளிர்விப்பதில்லை. நம் நரம்பு நுனிகளில் குளிரை உணரும் ஒரு புரத வாயில் உண்டு, அதற்கு டிஆர்பிஎம்8 என்று பெயர். ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே அது திறந்து “குளிர்” என்று மூளைக்குச் சொல்லும். மென்தால் அதே வாயிலை எந்தக் குளிரும் இல்லாமலே திறக்கிறது. 43 டிகிரிக்கு மேல் திறக்கும் டிஆர்பிவி1 என்ற வாயிலை மிளகாயின் காரம் திறப்பதும் இதே வித்தைதான். டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானி மிளகாயைக் கொண்டு அந்தச் சூட்டு வாயிலை 1997-இல் கண்டுபிடித்தார். குளிர் வாயில் 2002-இல் அகப்பட்டது. 2021-இல் அவருக்கும் ஆர்டெம் படாபூட்டியனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மிளகாய் சூடு, புதினா குளிர்ச்சி என்ற நம் வகைப்பாட்டுக்கு நரம்பிலேயே ஒரு முகவரி கிடைத்தது என்று மகிழலாம். வேப்பில் அதே வகைப்பாடு நம்மை ஏமாற்றுகிறது. மென்தால் உறுத்தலை மரத்துப்போகச் செய்வதால் இழுப்பு ஆழமாகிறது, எண்ணிக்கை கூடுகிறது. வறட்சி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. வாடையே இல்லாமல் குளிர வைக்கும் டபிள்யூஎஸ்-23 என்ற செயற்கைப் பொருளும் இப்போது சேர்கிறது. அதை 1970-களில் உருவாக்கியது சவரபிளேடு விற்ற வில்கின்சன் ஸ்வோர்டு நிறுவனம்!

மின்சிகரெட் பிறந்த நாட்டிலும் இதே சூட்டுப் பேச்சு உண்டு. 2003-இல் இன்றைய மின்சிகரெட்டை உருவாக்கிய ஹோன் லிக், சீனாவின் ஷென்யாங் நகரத்து மருந்தியலாளர்; லியாவ்னிங் மாகாணத்தின் பாரம்பரியச் சீன மருத்துவ நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தானும் கடுமையாகப் புகைத்தவர். அவருடைய அப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். சீன மருத்துவத்தில் நுரையீரல் மென்மையான உறுப்பு. ஈரத்தை விரும்பும், வறட்சிக்கு அஞ்சும். வாய்ப்புண், ஈறு வீக்கம், தொண்டை எரிச்சல் வந்தால் அங்கே “ஷாங்ஹுவோ” என்பார்கள். நெருப்பு மேலே ஏறிவிட்டதாம். குவாங்டோங் பக்கத்துச் சந்துகளில் அதற்கென்றே மூலிகைக் கஷாயக் கடைகள் உண்டு. அந்தக் கஷாயத்தை டப்பாவில் அடைத்து விற்கும் வாங்லாவோஜி நாடெங்கும் ஓடுகிறது. இங்கே நன்னாரி சர்பத்து ஓடுவதைப்போலத்தான். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாங் ஜியேபின் என்ற சீன மருத்துவர் புகையிலையை முதன்முதலாக விரிவாக ஆராய்ந்து எழுதியபோதே அதைக் காரமானது, சூடு சார்ந்தது, மேலே ஏறும் தன்மையது என்றுதான் வகைப்படுத்தினார். புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி, மிளகாயும் அப்படித்தான். வந்து சில தலைமுறைக்குள் சீனத்திலும் தமிழகத்திலும் இரண்டுக்கும் ஒரே இடம் கிடைத்தது. ஓலைச்சுவடியில் இல்லாத ஒரு புதுப் பண்டத்தையும் உடம்பில் விளையும் குறிகளைக் கொண்டு வகைப்படுத்தும் முறை இரு இடத்திலும் இயங்கியிருக்கிறது. ஆசான் வேப்பைப் பட்டியலில் சேர்த்ததும் அப்படித்தான்.

இழுக்கும் மருந்து என்றாலே பாரம்பரிய வைத்தியம் எதிர்க்கும் என்று நினைத்துவிடக்கூடாது. அதற்கும் ஒரு தமிழகக் கதை இருக்கிறது. இரைப்புக்கு ஊமத்தையைக் கொளுத்திப் புகையிழுப்பது நம் நாட்டில் பழக்கமாக இருந்த வைத்தியம். சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இதை அறிந்து, ஆஸ்துமாவால் அவதிப்பட்ட ஜெனரல் ஜென்ட் என்பவருக்குச் சொன்னார். ஜென்ட் 1802-இல் அதை பிரிட்டனுக்குக் கொண்டுபோய் மருத்துவர் சிம்ஸிடம் கொடுத்தார். அடுத்த நூறு ஆண்டுக்கும் மேலாக ஐரோப்பிய மருந்துக்கடைகளில் ஊமத்தைச் சிகரெட் விற்றது. ஆஸ்துமாக்காரரான எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட்டும் அதை இழுத்தவர். ஊமத்தையின் அட்ரோபீன் மூச்சுக்குழாயின் இறுக்கத்தைத் தளர்த்தும். இன்று ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் நோயாளிக்குக் கொடுக்கும் இன்ஹேலர்களில் உள்ள ஐப்ரட்ரோபியம் அந்த அட்ரோபீனிலிருந்து பிறந்த மருந்து.

அளவு மிஞ்சினால் ஊமத்தை செய்வதைக் கவனியுங்கள். எச்சில் வற்றும், வியர்வை நிற்கும், தோல் சிவக்கும், வியர்க்க முடியாததால் உடம்பின் வெப்பம் மெய்யாகவே ஏறும், புத்தி தடுமாறும். தெர்மாமீட்டரும் ஆசானும் ஒரே தீர்ப்பைச் சொல்லும் அபூர்வமான நஞ்சு அது. வேலியோரத்தில் வளர்கிறதே என்று யாரும் அதைச் சுருட்டிப் பார்க்க வேண்டாம். உயிர் போகும்.

சூட்டுக் கணக்கு எட்டாத இடங்களும் உண்டு. 2019-இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்கள் மூச்சுத் திணறலோடு கூட்டங்கூட்டமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரி 18 வரை 2,807 பேர்; இறந்தவர்கள் 68. பெரும்பாலோர் இழுத்தது கஞ்சாச் சத்துக் கலந்த கள்ளச்சரக்கு. அதைக் கெட்டியாகக் காட்டச் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய், சோதித்த 51 நோயாளிகளில் 48 பேரின் நுரையீரல் நீரில் இருந்தது. முகத்தில் பூசினால் கேடில்லாத எண்ணெய், மாத்திரையாக விழுங்கினாலும் கேடில்லை, இழுத்தபோது கொன்றது. ஒரு பண்டத்தின் குணம் அது உள்ளே போகும் வழியைப் பொறுத்தும் மாறும் என்பது வைத்தியருக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு குப்பிக்குள் என்ன ஊற்றியிருக்கிறது என்பதை நாக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடிமைப்படுவதும் அப்படித்தான். அதற்கு எரிச்சலும் இல்லை, புண்ணும் இல்லை. அதே 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், நிகோட்டின் கலந்த வேப் ஆவி செம்மறியாடுகளின் மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் வேகத்தைக் குறைத்தது. நுரையீரலின் துப்புரவு வேலை மந்தமானாலும் வெளியே தெரிவது கொஞ்சம் வறட்டு இருமல் மட்டுமே.

தமிழ்நாடு அரசு 2018-இல் மின்சிகரெட்டைத் தடை செய்தது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் கொண்டுவந்து, டிசம்பரில் அதை முழுச் சட்டமாக்கியது. தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பீடியும் சிகரெட்டும் பெட்டிக்கடையில் தாராளமாகத் தொங்க, இதற்கு மட்டும் தடை ஏன் என்ற கேள்விக்கு எனக்கு நல்ல பதில் கிடைத்ததில்லை. சீனாவின் ஏற்பாடு இன்னும் வினோதம். 2022 அக்டோபர் 1 முதல் உள்நாட்டில் புகையிலைச் சுவை தவிர வேறு சுவை விற்கக்கூடாது, ஏற்றுமதிக்குத் தடையில்லை. தர்பூசணி ஐஸ் நமக்குத்தான்.

ஆசான் எழுதிக் கொடுக்கும் பத்தியத்துக்கு வருவோம். எண்ணெய் தேய்த்துக் குளி, கருக்கு வெட்டிக் குடி, மோர் சேர்த்துக்கொள், கோழி வேண்டாம், அதைத் தொடாதே. வறண்ட வாய்க்கு நீர் நல்லதுதான். சிக்கல் என்னவென்றால் பையன் முதல் மூன்றைச் செய்துவிட்டுக் கடைசியை விட்டுவிடுவான். கருக்கு குடித்ததும் தொண்டை இதமாகும். இதமான தொண்டை அடுத்த இழுப்புக்குத் தயாராகும். ரத்தத்தில் நிகோட்டின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடுவதால் கை மறுபடி பைக்குள் போகும்.

விட்டுவிட்டவர்களுக்கும் ஒரு சோதனை காத்திருக்கிறது. புகையை நிறுத்திய முதல் வாரங்களில் பலருக்கு வாய்ப்புண் வரும்; சிகரெட்டை நிறுத்தியவர்களிடம் இதை மருத்துவ ஆய்வுகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன. புகைத்த காலத்தில் தடித்துப்போன வாய்த்தோல் மெல்லியதாகத் திரும்புவது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. எரிச்சல், தூக்கமின்மை, மலச்சிக்கலும் கூடவே வரும். ஊர்க்கணக்குப்படி பார்த்தால் இவை அத்தனையும் சூடு. “விட்டபொறவுதான் சூடு கூடிப்போச்சு” என்று சொல்லிக்கொண்டு திரும்ப அதையே எடுத்தவர்கள் உண்டு. இந்தப் புண்கள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாக ஆறிவிடும். கருக்கும் மோரும் உண்மையில் உதவுவது அந்தச் சில வாரங்களில்தான். 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.